விளக்கெண்ணெயில் ஓடிய படகு

போன மாதம் மேட்டூரிலிருந்து மூன்று மீனவர்கள், அந்தக் காலத்தில் அணைப் படகின் மோட்டாரைப் பார்த்தவன் என்று என் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார்கள். படகின் பின்பலகையில் மாட்டுகிற மோட்டார் ஒன்றை மூவரும் கூட்டாக வாங்கியிருந்தார்கள். எந்த எண்ணெய் ஊற்றுவது என்பதில்தான் சண்டை. லாரிக்கு ஊற்றுவதே போதும் என்றார் ஒருவர். ஸ்கூட்டருக்கு ஊற்றுவதுதான் சரி என்றார் இன்னொருவர். மூன்றாமவர் மோட்டாரோடு வந்த புத்தகத்தை நீட்டினார். அவரைத்தான் எனக்குப் பிடித்தது. "புத்தகத்துல என்ன எண்ணெய் போட்டிருக்குதோ அதே டின்னை வாங்குங்க. அளந்து ஊத்துங்க. கண்ணளவு மட்டும் வேண்டாம்" என்றேன். ஒரே நிமிஷத்தில் முடிந்தது.

எழுந்தவர்களில் ஒருவர் வாசலில் நின்று கேட்டார். "உங்க காலத்துல இந்த டின்னெல்லாம் ஏதுங்க? நீங்க என்னத்த ஊத்துனீங்க?"

"விளக்கெண்ணெய்" என்றேன்.

மூவரும் சிரித்தார்கள். உட்காரச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர்களுடைய பஸ் போய்விட்டது. அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் அர்த்தநாரி. எருமப்பட்டிப் பக்கம் கடலைக்காட்டுக் குடும்பம். எட்டாவது வரை படித்தேன். சேலத்தில் ஒரு பஸ் பட்டறையில் மூன்று வருஷம் கறுப்பெண்ணெயில் குளித்தேன். மேட்டூரில் அணை எழும்பி நீர் தேங்கிய பிறகு, நீரளவுக் கம்பங்களைப் பார்க்கவும் மதகுகளைச் சோதிக்கவும் பொதுப்பணி இலாகாவுக்கு ஒரு மோட்டார் படகு வந்தது. அதற்கு ஒரு பிட்டர் வேண்டும் என்றார்கள். போய் நின்றேன். எடுத்துக்கொண்டார்கள். தேர்வு என்று நடந்தது ஒன்றே ஒன்றுதான். அதை நடத்தியவர் போர்மன் ஞானப்பிரகாசம்.

அவர் திருச்சிக்காரர். மெலிந்த உடம்பு, எந்த வெயிலிலும் காக்கிக் கோட்டு. கோட்டின் உள்பையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு கண்ணாடி அளவுக் குவளை எப்போதும் இருக்கும். என்னிடம் ஒரு போல்ட்டைக் கொடுத்து முடுக்கச் சொன்னார். முடுக்கினேன்.

"எவ்வளவு முடுக்கின?"

"நல்லா முடுக்கிட்டனுங்க சார்."

"நல்லான்னா?"

கழற்றி மறுபடி முடுக்கினேன். இந்தத் தடவை எண்ணினேன். "கைக்கு இறுகின பிறகு கால் சுற்றுங்க சார்" என்றேன். "திங்கக்கிழமை வேலைக்கு வா" என்றார்.

அவரிடம் 'கொஞ்சம்', 'சுமார்', 'ஏறக்குறைய' என்ற மூன்று சொற்களும் செல்லாது. எஞ்சின் கொஞ்சம் சூடாக இருக்கிறது என்று சொன்னால், எத்தனை எண்ணும் வரை கையை வைத்திருக்க முடிகிறது என்று கேட்பார். குரலை உயர்த்த மாட்டார். திட்டவும் மாட்டார். கேள்வி மட்டும்தான். பதில் சொல்ல முடியாமல் நிற்பதைவிடத் திட்டு வாங்குவது சுகம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

இந்த மோட்டாரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கார் எஞ்சினில் எண்ணெய்க்கென்று அடியில் தனித் தொட்டி உண்டு. இதில் கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துவிட வேண்டும். பெட்ரோல் எரியும்போது எண்ணெய் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்க வேண்டும். நின்றுவிட்டுத் தானும் எரிந்து வெளியே போய்விட வேண்டும். படலம் இல்லையென்றால் இரும்பு இரும்பைக் கடிக்கும். எரியாமல் தங்கினால் தீப்பொறி விடுகிற பிளக்கை அடைக்கும், பிஸ்டனைச் சுற்றிய ரிங்கை ஒட்ட வைக்கும். நிற்கவும் வேண்டும், போகவும் வேண்டும் என்ற இந்த இரண்டு குணமும் ஒரே எண்ணெயில் அமைவதுதான் கஷ்டம். எங்களுக்குச் சீமையிலிருந்து அதற்கென்று எண்ணெய் வந்துகொண்டிருந்தது. காலன் பெட்ரோலுக்கு முக்கால் பைண்ட்; எட்டு பைண்ட் ஒரு காலன். கலக்கினோம், ஓட்டினோம். எண்ணெயைப் பற்றி யோசிக்க வேண்டியதே இருக்கவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. மூன்றாம் வருஷத்தில் கப்பல் எண்ணெய் நின்றுபோனது. கடைசி டின்னைக் கவிழ்த்துவைத்துச் சொட்டுச் சொட்டாக வடித்தோம். பெட்ரோலாவது கூப்பனுக்குக் கிடைத்தது. எண்ணெய்க்குக் கூப்பனும் இல்லை.

"உள்ளூர்ல என்னென்ன எண்ணெய் கிடைக்கும்? பேர் எழுது" என்றார் ஞானப்பிரகாசம் சார். எழுதினேன். ஒவ்வொன்றிலும் அரை பைண்ட் வாங்கிவரச் சொன்னார்.

படகுக் கொட்டகையில் அவர் வைத்த பரீட்சை இன்றும் எனக்கு மனப்பாடம். முதலில், இரும்புத் தகடு ஒன்றை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, ஒரு துளி விட்டு, எத்தனை எண்ணுவதற்குள் புகைந்து போகிறது, பின்னால் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, இரண்டு வழவழப்பான இரும்புத் துண்டுகளுக்கு நடுவே தடவி, கையால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதாகத் தண்ணீர் நிறைத்த பீப்பாயில் மோட்டாரை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டி, சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனைப் பார்க்க வேண்டும்.

லாரியிலிருந்து வடித்து, துணியில் வடிகட்டிய பழைய எண்ணெய் முதலில் தோற்றது. எத்தனை தடவை வடிகட்டினாலும் அதில் பொடி இருந்தது. பிஸ்டனில் பூனை பிறாண்டியதுபோல் கோடு விழுந்தது. கடலை எண்ணெய் நன்றாக ஓடியது. ஆனால் சிலிண்டரைக் கழற்றியபோது ரிங்குகள் பாகில் முக்கியதுபோல் ஒட்டிக்கிடந்தன. தேங்காய் எண்ணெய் தகட்டில் விட்டதும் ஓடிப்போய்விட்டது. கடைசியில் விளக்கெண்ணெய். தகட்டில் அது அசையவில்லை. இரும்புத் துண்டுகளுக்கு நடுவே எவ்வளவு அழுத்தியும் படலம் அறவில்லை. பீப்பாயில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிஸ்டன் கண்ணாடியாக இருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கிடைச்சிருச்சுங்க சார்!" என்றேன்.

"ஒரு மணி நேரம் கிடைச்சிருக்கு" என்றார் அவர்.

மறுநாளே பெரிய இன்ஜினியரான வெள்ளைக்காரத் துரை அணையின் மேற்குப் பக்கம் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. இன்னும் இரண்டு நாள் சோதிக்க வேண்டும் என்று சார் எழுதிப் பார்த்தார். முடியாது என்று பதில் வந்தது. அன்று சாயங்காலமே நான் பெட்ரோலில் விளக்கெண்ணெயைக் கலந்து, நன்றாகக் குலுக்கி, டாங்கியை நிரப்பி வைத்தேன்.

காலையில் கயிற்றை இழுத்ததும் மோட்டார் இருமியது, வெள்ளையாகப் புகைந்தது, நின்றது. பிளக்கைக் கழற்றினால் எண்ணெய் சொட்டியது. துடைத்துப் போட்டேன். நாலு தடவை இப்படி. ஐந்தாவது தடவை பிடித்துக்கொண்டது. பிறகு போயிற்று பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம். புகையே இல்லை. சத்தம்கூட இனிமையாக இருந்தது. இன்ஜினியர் துரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். நடு நீர்த்தேக்கத்துக்கு வந்தோம். மோட்டார் ஒரு தடவை கிறீச்சென்றது. அவ்வளவுதான். கயிற்றை இழுத்தால் பிளைவீல் சக்கரம் அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டுவிட்டது.

துடுப்பு போட்டுக் கரைக்கு வர நாலு மணி நேரம் ஆயிற்று. வெயிலில் துரையின் கழுத்து சிவந்துபோனது. கரை இறங்கியதும் சாரிடம் சொன்னார், ஒரு மாதம் தருகிறேன், அதற்குள் இது ஒழுங்காக ஓடவில்லையென்றால் மோட்டாரை யுத்தக் கிடங்குக்கு அனுப்பிவிடுவேன், படகுக்குத் துடுப்பே போதும் என்று. மோட்டார் போனால் எங்கள் பிரிவும் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சார் என்னைத் திட்டவில்லை. கொட்டகைக்கு வந்ததும் கேட்டார்.

"பிளக் நனைஞ்சது எத்தனை தடவை?"

"நாலுங்க சார்."

"அதுக்கப்புறம் எத்தனை நிமிஷம் ஓடிச்சு?"

"நாப்பது இருக்குமுங்க."

"இருக்குமா?"

"நாப்பத்திரண்டுங்க சார். துரை கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாருங்க."

அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் பெட்ரோலையும் விளக்கெண்ணெயையும் ஊற்றிக் குலுக்கி அலமாரியில் வைத்தார். "காலையில வா" என்றார். காலையில் போய்ப் பார்த்தேன். குழாயின் அடியில் எண்ணெய் கெட்டியாகத் தனியே இறங்கிக் கிடந்தது. மேலே பெட்ரோல் பச்சைத் தண்ணீர்போல் தெளிந்து நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. டாங்கியில் ராத்திரி முழுக்க எண்ணெய் அடியில் தங்கிவிட்டது. காலையில் முதலில் எஞ்சினுக்குப் போனது வெறும் எண்ணெய். அதனால்தான் பிளக் நனைந்தது. அது தீர்ந்த பிறகு போனது எண்ணெயே இல்லாத பெட்ரோல். அந்த இனிமையான ஓட்டம்தான் சாவதற்கு முன் ஓடிய ஓட்டம். பீப்பாயில் ஓட்டியபோது கலந்த சூட்டோடு ஓட்டிவிட்டோம், பிரிய நேரம் கொடுக்கவில்லை.

"எண்ணெய் தப்பில்லை. கலப்புத்தான் தப்பு" என்றார் சார். பரீட்சையில் நாலாவதாக ஒன்றைச் சேர்த்தார். எதைக் கலந்தாலும் மூன்று நாள் குழாயில் நிற்க வேண்டும்.

கவ்விய சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்ய எனக்குப் பத்து நாள் பிடித்தது. தேய்க்கும்போதெல்லாம் மூளையில் அந்தக் குழாய்தான். விடை கிடைத்தது நினைக்காத இடத்தில். கையில் இரும்புத் தூள் ஏறிச் சீழ் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே உத்தியோகஸ்தர் வீட்டு அம்மாள் ஒருவருக்குக் கம்பவுண்டர் கூந்தல் தைலம் கலந்துகொண்டிருந்தார். விளக்கெண்ணெய்ப் புட்டியில் எதையோ ஊற்றிக் குலுக்கினார். பன்னீர்போல் தெளிந்து ஒன்றாகிவிட்டது.

"என்னங்க ஊத்துனீங்க?"

"ஸ்பிரிட்டு, சுத்தச் சாராயம். விளக்கெண்ணெய் மண்ணெண்ணெயோட சேராது, ஸ்பிரிட்டுல மட்டும் கரைஞ்சிரும்."

கட்டுப் போட்ட கையோடு கொட்டகைக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் சார் கோட்டிலிருந்து குவளையை எடுத்தார். கம்பவுண்டரிடம் கெஞ்சி வாங்கிய ஸ்பிரிட்டில் முதலில் எண்ணெயைக் கரைத்தோம். பிறகு பெட்ரோலை மெதுவாகச் சேர்த்தோம். குழாய் பால்போலக் கலங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது.

"எதனால கலங்குது?" என்றார்.

"தெரியலைங்க சார்."

"தண்ணி இருந்தா கலங்கும். ஸ்பிரிட்டுல தண்ணி இல்லைன்னு கம்பவுண்டர் சொல்றாரு. பெட்ரோல்லயும் இல்லை. மிச்சம் என்ன?"

எண்ணெய்தான் மிச்சம். தண்ணீர் இல்லாத விளக்கெண்ணெய் தேடி நான் சைக்கிளில் கிளம்பினேன். மேட்டூர்ச் சந்தையில் ஒன்று, நங்கவள்ளிப் பக்கம் ஒன்று, எல்லாம் கலங்கின. ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர் ஒருவர், "செல்லம்மா செக்குக்குப் போங்க, அந்தம்மா எண்ணெய்ல பேச்சே கிடையாது" என்றார்.

செல்லம்மாளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். செக்கை அவளே ஓட்டினாள். புருஷன் சந்தைக்குப் போய் விற்பார். நான் விஷயத்தைச் சொன்னதும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏனுங்க தம்பி, மோட்டாருக்குக் கொட்டமுத்து எண்ணெயா? அதுக்கு என்னங்க, வயித்துல ஏதாச்சும் கோளாறா?"

ஆமணக்கு விதையை எங்கள் பக்கம் கொட்டமுத்து என்போம். நான் சிரிக்கும் நிலையில் இல்லை. கையில் கொண்டுபோயிருந்த சந்தை எண்ணெயைக் காட்டி, இதில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் ஒரு திரியை அதில் நனைத்துக் கொளுத்தினாள். சடசடவென்று பொரிந்தது.

"கேட்டீங்களா? தண்ணி பேசுது. ஊட்டுக்கு ஊடு இப்படித்தானுங்க செய்யறாங்க. முத்தை வறுத்து இடிச்சு, தண்ணியில போட்டுக் காய்ச்சி, மேல மிதக்கறதை அள்ளிக்குவாங்க. எத்தன சுண்ட வெச்சாலும் தண்ணி உள்ள நிக்கும்."

"உங்குளுதுங்க அக்கா?"

"என்ற எண்ணெயப் பாருங்க" என்று தன்னுடைய எண்ணெயில் இன்னொரு திரியை நனைத்துக் கொளுத்தினாள். சுடர் சத்தமே இல்லாமல் நின்றது.

"நான் வறுக்கறதுமில்ல, தண்ணி தெளிக்கறதுமில்ல. வெயில்ல காயவெச்சு அப்படியே செக்குல போட்டு ஆட்டறது. எண்ணெய் கம்மியாத்தான் வரும், ஆனா சுத்தமா வரும். நாலு மடிப்புத் துணியில வடிகட்டி ஒரு வாரம் வெயில்ல வெப்பேன். அடியில கசடு நின்னுரும்."

அந்த எண்ணெயை ஸ்பிரிட்டில் கரைத்துப் பெட்ரோல் சேர்த்தோம். காலனுக்கு முக்கால் பைண்ட் எண்ணெய், அதே அளவு ஸ்பிரிட். குழாய் தேன் நிறத்தில் தெளிந்து நின்றது. ஒரு நாள் நின்றது. இரண்டு நாள் நின்றது. குளிர்ந்தால் பிரியுமோ என்று மண்பானைத் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க முக்கி வைத்தார் சார். அப்போதும் நின்றது. மூன்றாம் நாள் சாயங்காலம் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் கொட்டகையைச் சுற்றி ஓடாத குறைதான்.

ஆனால் நாங்கள் இருந்தது சேலம் ஜில்லா. மதுவிலக்கு முதலில் வந்த ஜில்லா. இங்கே காலன் கணக்கில் ஸ்பிரிட் வாங்குவதென்றால் லேசா? மனு போட்டோம். மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். பெரிய மீசை. கொட்டகையைச் சுற்றிச் சுற்றி மோப்பம் பிடித்தார்.

"மோட்டார் ஸ்பிரிட் குடிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சு மனுஷன்தான் குடிப்பான். ஒவ்வொரு பைண்டுக்கும் நான் பதில் சொல்லணும் சார்."

ஞானப்பிரகாசம் சார் வாதாடவில்லை. குவளையில் ஸ்பிரிட்டை அளந்தார், சரிசமமாக விளக்கெண்ணெயை ஊற்றினார், கலக்கி அவரிடம் நீட்டினார். "குடிச்சுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் முகர்ந்தார். முகம் கோணியது. பிறகு மீசை ஆட ஆடச் சிரித்தார். "இதைக் குடிக்கிறவனை நான் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. அவனே ஓடிக்கிட்டிருப்பான்!"

ஸ்பிரிட் வந்து இறங்கியதும் அவர் ஆள் முன்னிலையிலேயே எண்ணெயோடு கலந்துவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டு அனுமதி எழுதிக்கொடுத்தார். எங்களுக்கு அதுதானே வேண்டும்!

துரை கொடுத்த மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில் மோட்டாரைப் படகில் மாட்டினோம். தினமும் இரண்டு மணி நேரம் ஓடியது. துரை வந்து பார்த்தார், தலையை ஆட்டினார், மோட்டார் தப்பியது. ஆனாலும் அவருக்கு நம்பிக்கை முழுசாக வரவில்லை. அதில் ஏறமாட்டேன் என்று துடுப்புப் படகிலேயே போனார்.

ஆடி மாதம் வந்தது. கோடையில் தண்ணீர் வற்றும்போது நீர்த்தேக்கத்தின் அடிநிலம் வெளியே வரும். வண்டல் மண். சுற்றுப்பக்க ஜனங்கள் அதில் கம்பும் எள்ளும் விதைத்துக் குடிசை போட்டுக்கொள்வார்கள். அந்த வருஷம் மேலே குடகில் மழை கொட்டிவிட்டது. தண்ணீர் வருகிறது, கிளம்புங்கள் என்று தண்டோரா போட்டார்கள். பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். கதிர் முற்றிய ஒரு மேட்டில் மட்டும், இன்னும் ஒரு நாள் அறுத்துவிடலாம் என்று சிலர் தங்கிவிட்டார்கள். காலையில் பார்த்தால் மேட்டைச் சுற்றி நாலு புறமும் தண்ணீர். கரையிலிருந்து இரண்டு மைல்.

பரிசல்காரர்கள் முயன்றார்கள். ஆடிக் காற்று அலையைத் தூக்கி அடித்தது. ஒரு பரிசல் சுழன்று கவிழப் பார்த்துத் திரும்பியது. மேட்டில் யாரோ வேட்டியைக் கழியில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

சார் என்னைப் பார்த்தார். "கலந்தது எத்தனை காலன் இருக்கு?"

"ரெண்டுங்க சார்."

"பெட்ரோலையும் ஸ்பிரிட் கலந்த எண்ணெயையும் ஏத்து. மிச்சத்தைப் படகுலயே கலந்துக்கலாம். ஏறு."

நான் மோட்டாரில், அவர் முன்னால் கழியோடு. அலை எதிரே வந்து படகைத் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தடவையும் பின்பக்கம் எழும்பி விசிறி காற்றில் சுழலும்போது மோட்டார் அலறும். மறுபடி தண்ணீரில் இறங்கும்போது திணறும். இதைவிடக் கொடுமையான சோதனை எண்ணெய்க்கு இருக்க முடியாது. ஆனால் நிற்கவில்லை. விளக்கெண்ணெய்ப் புகை மூக்கில் ஏறியது. அன்றைக்கு அதைவிட நல்ல வாசனை உலகத்தில் எனக்குத் தெரியவில்லை.

மேட்டில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். எங்களைத் தவிர ஏழு பேரைத்தான் ஏற்ற முடியும். குழந்தைகளையும் தாய்மார்களையும் முதலில் ஏற்றினோம். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. கையில் மோட்டாரின் அதிர்வு ஏறி விரல்கள் மரத்துப்போயின. மூன்றாம் தடவை திரும்பும்போது இரண்டு பிளக்கில் ஒன்று அடைத்து, மோட்டார் ஒற்றைக் காலில் நொண்டியது. படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. ஏழு பேரும் ஓவென்று கத்தினார்கள். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, பழுக்கச் சுட்ட பிளக்கைக் கழற்றி வேறு மாட்டினேன். உள்ளங்கை வெந்தது. கயிற்றை இழுத்தேன். பிடித்துக்கொண்டது.

நடுவில் கலந்த பெட்ரோல் தீர்ந்தது. ஒரு சொட்டு அலைத் தண்ணீர் விழுந்தாலும் கலப்பு கலங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். மேட்டின் மறைவில் படகை நிறுத்தினோம். சார் காக்கிக் கோட்டைக் கழற்றித் தலைக்கு மேல் கூடாரம்போல் என்னைப் பிடிக்கச் சொன்னார். அதற்குள் குனிந்து, குவளையைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, படகு ஆட்டம் நின்று எண்ணெய்க் கலப்பின் மட்டம் கோட்டில் சரியாக நிற்கும் வரை காத்திருந்து, ஊற்றினார். மேட்டில் ஜனங்கள் கூப்பிடுகிறார்கள், தண்ணீர் ஏறுகிறது. அவருடைய கை அவசரப்படவில்லை. கோட்டுக்கு ஒரு நூல் மேலே போய்விட்டது என்று திருப்பி ஊற்றி மறுபடி அளந்தார்! அந்த நிமிஷத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. பிற்பாடு யோசித்தால், அவர் அவசரப்பட்டிருந்தால் நாங்கள் யாருமே கரைக்கு வந்திருக்க மாட்டோம்.

நாலாவது தடவை ஐந்து பேர் ஏற வேண்டியது. நாலு பேர் ஏறினார்கள். பழனியப்பன் என்ற கிழவர் ஏற மறுத்தார். அவர் பக்கத்தில் இரண்டு காளைகள் வயிறு வரை தண்ணீரில் நின்றன.

"நீங்க போங்க சாமி. நான் மாட்ட உட்டுட்டு வரமாட்டனுங்க."

"தாத்தா, தண்ணி ஏறுதுங்க. ஏறுங்க" என்று கத்தினேன்.

"கன்னுல இருந்து வளத்தனுங்க. இதுகளத் தண்ணிக்குக் குடுத்துட்டு நான் ஊட்டுக்குப் போயி என்ன பண்றது?"

படகில் மாடு ஏற்ற முடியாது. காளை நீந்தும், ஆனால் இந்த அலையில் இரண்டு மைல் தானாக நீந்தாது. தலையைப் பிடித்துக் கொண்டுபோனால் நீந்தும். அதற்குப் படகு மெதுவாகப் போக வேண்டும். மெதுவாகப் போவதுதான் இந்த மோட்டாருக்கு விஷம். வேகம் குறைந்தால் சூடு குறையும், எண்ணெய் எரியாமல் தங்கும், பிளக் அடைக்கும். அதிலும் விளக்கெண்ணெய்.

சார் என்னிடம் கேட்டார். "மெதுவா எவ்வளவு நேரம் ஓடும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் எண் இருக்கவில்லை. "தெரியலைங்க சார். ஆனா ஓட்டிருவனுங்க" என்றேன்.

அவர் கழியைக் கீழே வைத்தார். "மாடும் வரட்டும்" என்றார்.

பழனியப்பனை ஏற்றினோம். படகின் இருபுறமும் ஒவ்வொரு காளை. மூக்கணாங்கயிற்றை இழுக்காமல் கொம்பைச் சுற்றிக் கயிறு கட்டி, இடப்பக்கத்தைக் கிழவரும் வலப்பக்கத்தைச் சாரும் பிடித்துக்கொண்டார்கள். காளைகளின் மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே புஸ் புஸ்ஸென்றது. நான் வேகத்தைக் குறைத்தேன். மோட்டார் முணுமுணுத்தது. கொஞ்ச தூரம் போனதும், சத்தம் கனக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டு, கனத்தால் நாலு எண்ணும் நேரம் மட்டும் வேகத்தைத் தூக்கி எண்ணெயை எரிய விட்டேன். காளைகள் மிரண்டால் குறைத்தேன். இப்படியே தூக்கி, குறைத்து, தூக்கி, குறைத்து ஒன்றரை மணி நேரம். கிழவர் காளையோடு பேசிக்கொண்டே வந்தார். "ஆயிருச்சுடா சாமி, வந்துட்டோம், வந்துட்டோம்."

கரையில் காளைகளின் கால் தரையைத் தொட்டதும் ஜனங்கள் போட்ட சத்தத்தில் எனக்கு மோட்டார் சத்தம் கேட்கவில்லை. நின்றுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் துரை முட்டளவு தண்ணீரில் நின்று படகின் முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சிலிண்டரைக் கழற்றினோம். பிஸ்டனின் பக்கவாட்டில் பழுப்பாக ஒரு பூச்சு படிந்திருந்தது. விளக்கெண்ணெயின் குணம் அது. ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சுரண்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு கீறல் இல்லை. ரிங்குகள் விரல் பட்டால் சுழன்றன. துரை பிஸ்டனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று பிற்பகலே மோட்டார் படகில் ஏறி மேற்குப் பக்கம் போய்வந்தார். யுத்தம் முடியும் வரை எங்கள் படகு அந்தக் கலவையில்தான் ஓடியது. பக்கத்து ஜில்லாக்களிலிருந்து கலப்பு விவரம் கேட்டுக் கடிதங்கள் வந்தன. சார் ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே பதில் எழுதினார். 'அர்த்தநாரி கண்டது' என்று ஒரு வரி எல்லாக் கடிதத்திலும் இருந்ததைப் பல வருஷம் கழித்துக் கோப்பில்தான் பார்த்தேன்.

வெள்ளம் வடிந்த வாரம் செல்லம்மாள் எண்ணெய் டின்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு தானே வந்துவிட்டாள். ஜலகண்டாபுரம் சந்தையில் எல்லோரும் அவளுடைய எண்ணெயைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். இருபத்தாறு பேரைக் கரை சேர்த்தது எப்படிப்பட்ட மிஷின் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம்.

இலாகா ஆட்களைத் தவிர வேறு யாரும் அந்தப் படகில் கால் வைக்கக் கூடாது. ஏறினவர் எவரானாலும் பலகையில் உட்கார்ந்துதான் வர வேண்டும். சார் எழுதி ஒட்டிய விதிகள் இவை. உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள் அழுதபோதுகூட அவர் மசிந்ததில்லை. அன்று அவரே படகு ஆடாமல் கையால் பிடித்துக்கொண்டு, "ஏறுங்கம்மா" என்றார்.

கயிற்றைப் பிளைவீலில் சுற்றி, கைப்பிடியை அவளிடமே கொடுத்தார். "பாதியில விட்டுடாதீங்க. முழுசா இழுங்க."

செக்கு மாட்டை அடக்கிய கை. சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தாள். மோட்டார் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. நீலப்புகை எழும்பி அவள் முகத்தைத் தடவிக்கொண்டு போனது. அவள் மூக்கை விரித்து முகர்ந்தாள். கண் அகலமாகியது.

"என்ற எண்ணெயிங்க!" என்று கரையைப் பார்த்துக் கத்தினாள். "ஏனுங்க, இங்க பாருங்க, என்ற எண்ணெய் ஓடுதுங்க!"

நான் வேகத்தை முழுசாகத் திறந்தேன். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. நீரளவுக் கம்பம் வரை போய் ஒரு பெரிய வட்டமடித்துத் திரும்பினோம். அவ்வளவு தூரமும் செல்லம்மாள் நின்றுகொண்டேதான் வந்தாள், கையை விரித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. ஞானப்பிரகாசம் சார் உட்காரச் சொல்லவே இல்லை.